நூறு மீட்டர் ஓவியமும் இருநூறு மாணவர்களும்: முரகாமியின் ‘500 அருகதர்’ குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

தகாஷி முரகாமி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பல்லைக் காட்டிச் சிரிக்கும் வண்ணப் பூக்கள். அடுத்தது, 2003-இல் லூயி வித்தோன் கைப்பைகளில் அவர் கொண்டுவந்த பலநிற முத்திரை. பாப் கலாச்சாரத்தையும் பழைய ஜப்பானிய ஓவியத்தையும் கலப்பவர் என்று அவரை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் கலப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் படத்தின் மேல்பரப்பைக் காட்டுவார்கள்: இதோ அனிமே கண், இதோ பழைய காலத்து அலை.

என் பார்வையில் அந்தக் கலப்பு இன்னும் அழுத்தமாக நடந்த இடம் அவருடைய வேலைக்கூடம். அதைப் பார்ப்பதற்கு ‘500 அருகதர்’ (அருகதர் என்றால் ஞானம் அடைந்த புத்தரின் சீடர்) ஓவியம் உருவான கதையைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவாகி, 2012 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்கு வந்த ஓவியம் அது. உயரம் 3 மீட்டர், நீளம் 100 மீட்டர். ஜப்பான் முழுவதிலுமிருந்து 200-க்கும் மேற்பட்ட கலைக்கல்லூரி மாணவர்கள் அதில் வேலை செய்தார்கள்.

முரகாமியும், அவரை இந்த வேலைக்குள் தள்ளிய கலை வரலாற்றாசிரியர் நோபுவோ சுஜியும் பொதுவெளியில் அறியப்பட்டவர்கள் என்பதால் பெயரோடு வருகிறார்கள். மாணவர்களும் கூடத்து ஊழியர்களும் பெயர் இல்லாமல்தான் வருகிறார்கள். பெரிய அளவில் கூட்டாக வேலை செய்யும் ஓவியர்களையும் அனிமேஷன் கூடம் நடத்துபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பின்புலம்

முரகாமி 1962-இல் டோக்கியோவில் பிறந்தவர். அனிமேஷன் துறைக்குப் போக வேண்டும் என்பதுதான் இளவயது ஆசை. போய்ச் சேர்ந்ததோ டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் நிஹோங்கா துறை. மேற்கத்திய எண்ணெய் வண்ண ஓவியத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக மெய்ஜி காலத்தில் (19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்) ‘ஜப்பானிய ஓவியம்’ என்ற பொருளில் இப்படிப் பெயரிடப்பட்ட மரபு இது. அரைத்த கனிமப் பொடி, சிப்பியிலிருந்து எடுக்கும் வெள்ளை, விலங்குப் பசை, காகிதம் அல்லது பட்டு, இடையிடையே தங்க ரேக்கு. பசையைச் சரியான சூட்டில் கரைக்கவே மாதக்கணக்கில் பழக வேண்டிய, பொறுமையைச் சோதிக்கும் தொழில். அதில் 1993-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் நிஹோங்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். மரபு தெரியாமல் மரபைக் கேலி செய்பவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் இந்தத் தகவலை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1996-இல் ஹிரோப்பொன் ஃபேக்டரி என்ற பெயரில் ஒரு கூட்டு வேலைக்கூடம் தொடங்கினார். அதே ஆண்டில் வந்த ‘727’ என்ற மூன்று பலகை ஓவியத்தைப் பார்த்தால் அவர் வேலை செய்யும் விதம் புரியும். அவர் உருவாக்கிய பாத்திரமான மிஸ்டர் டாப், பல்லை இளித்துக்கொண்டு ஓர் அலையின் மேல் வருகிறான். அந்த அலையின் வடிவம் 12-ஆம் நூற்றாண்டின் ஷிகிசான் சுருள் ஓவியத்திலிருந்து வந்தது. பின்னணியில் நிறங்களை அடுக்கடுக்காகப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அடியில் இருந்த நிறங்களை மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களின் பெயர்களைக் கித்தானின் பின்பக்கம் எழுதிவைக்கும் வழக்கமும் அந்தக் கூடத்தில் உண்டு.

2001-இல் அது கைகாய் கிகி என்ற நிறுவனமாக மாறியது. 16-ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியரான கனோ எய்தொகுவின் ஓவியத்தைப் பற்றிப் பழைய நூலில் வரும் சொற்களிலிருந்து எடுத்த பெயர். இந்தப் பெயர்த்தேர்வு சும்மா அலங்காரத்துக்கு என்று நான் நினைக்கவில்லை. கனோ வழியினர் ஷோகன்களுக்கும் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்கள்) கோயில்களுக்கும் நூற்றாண்டுக்கணக்கில் ஓவியம் செய்துகொடுத்த குடும்பத் தொழிற்கூடத்தார். கோட்டையின் தள்ளுகதவுகளையும் சுவர்களையும் நிரப்ப ஒரு ஆளின் கை போதாது. தலைவர் அமைப்பைத் தீர்மானிப்பார், சீடர்கள் மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்துக் கை பழகியிருப்பார்கள். ஜப்பானிய அனிமே கூடத்திலும் இதே ஏற்பாடுதான்: முக்கிய அசைவுகளை ஒருவர் வரைய, இடைப்படங்களை வேறு சிலர் நிரப்ப, எந்த இடத்தில் எந்த நிறம் என்று எண் குறித்துக் கொடுப்பார்கள். முரகாமிக்கு ஒன்று படிப்பிலும் இன்னொன்று ஆசையிலும் பழக்கம்.

பழைய ஜப்பானிய ஓவியத்தையும் இன்றைய அனிமேயையும் ஆழமில்லாத தட்டைப் பரப்பு இணைக்கிறது என்று 2000-இல் அவர் முன்வைத்த ‘சூப்பர்ஃப்ளாட்’ கருத்துக்கு அடித்தளம் சுஜி 1970-இல் வெளியிட்ட ஒரு நூல். முறையான வரலாற்றில் ஓரங்கட்டப்பட்டிருந்த, எடோ காலத்தைச் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) சேர்ந்த ஆறு விசித்திர ஓவியர்களை அந்த நூல் முன்னுக்குக் கொண்டுவந்தது. இவாசா மதாபெய், கனோ சான்செட்சு, இதோ ஜாகுச்சு, சோகா ஷோஹாகு, நாகசவா ரோசெட்சு, உதகாவா குனியோஷி. இவர்களின் படங்களில் பார்ப்பவரின் கண் ஓடும் பாதையைத் தொலைக்காட்சி அனிமேயின் வெடிப்புக் காட்சிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார் முரகாமி.

அதன் பிறகு வெளிநாட்டில் பெரும் புகழ். 2008-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு சிலை ஒன்றரைக் கோடி டாலருக்குமேல் போனது. 2010-இல் வெர்சாய் அரண்மனையில் கண்காட்சி, கூடவே எதிர்ப்பும். சொந்த நாட்டில் மட்டும் 2001-க்குப் பிறகு பெரிய தனிக் கண்காட்சி நடக்கவில்லை.

சுஜி கொடுத்த வீட்டுப்பாடம், 2009–2011

2009-இல் ஒரு கலை மாத இதழில் சுஜியும் முரகாமியும் சேர்ந்து ஒரு தொடர் தொடங்கினார்கள். சுஜி ஒரு பழைய ஓவியரையோ படைப்பையோ எடுத்துக் கட்டுரை எழுதுவார். அதற்குப் பதிலாக முரகாமி ஒரு புதிய படைப்பு செய்ய வேண்டும். மொத்தம் 21 சுற்றுகள். சுஜி அப்போது எழுபது வயதைத் தாண்டியவர், முரகாமியோ உலகம் அறிந்த ஓவியர். ஆனாலும் ஆசிரியர், மாணவர் என்ற உறவு மாறவில்லை.

ஒரு சுற்றில் சுஜி, “ஒரு தடவையாவது நீங்களே வரையக் கூடாதா?” என்ற பொருளில் கேட்டுவிட்டார். உதவியாளர்களை வைத்தே எல்லாம் செய்கிறார் என்ற குத்தல் அதில் இருந்தது. அந்தச் சுற்றின் பொருள் சோகா ஷோஹாகுவின் மேகத்தினூடே வரும் டிராகன். 1763-இல் வரைந்தது, இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முரகாமி சுமார் 24 மணி நேரத்தில் 18 மீட்டர் நீளத்துக்குச் சிவப்பில் ஒரு டிராகனைத் தன் கையாலேயே வரைந்து முடித்தார். அந்த ஓவியத்தின் தலைப்பிலேயே சுஜி கேட்ட கேள்வியையும், எரிச்சலில் தானே வரைந்தேன் என்பதையும் எழுதி வைத்தார்!

இதை வேடிக்கைக் கதையாகக் கடந்துபோய்விடலாம். எனக்கு இது முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. அடுத்து வந்த வேலையில் முரகாமி தனியாக வரையவில்லை, நூற்றுக்கணக்கானவர்களை அழைத்தார். தன்னால் தனியே முடியும் என்று காட்டிய பிறகு எடுத்த முடிவு அது. கை வராததால் கூட்டம் சேர்த்தார் என்று சொல்ல இடமில்லை.

அதே தொடரின் வழியாகத்தான் அருகதர்களும் வந்தார்கள். புத்தரின் வழியில் ஞானம் அடைந்த சீடர்களே அருகதர்கள். புத்தர் மறைந்த பின் ராஜகிருகத்தில் கூடிய 500 சீடர்கள் பற்றிய மரபு ஒருபுறம். வருங்காலப் புத்தரான மைத்ரேயர் வரும்வரை இவ்வுலகிலேயே தங்கி அறத்தைக் காக்கும் 16 அருகதர்கள் பற்றிய மரபு இன்னொருபுறம். இந்தப் பதினாறு பேரைப் பற்றிய நூலைச் சொன்னவர் நந்திமித்திரர், சிங்கள நாட்டவர், அதாவது இலங்கைக்காரர். 654-இல் சீனத் துறவி சுவான்சாங் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் கிழக்காசியாவில் அருகதர் உருவங்கள் பரவின. டோக்கியோ ஓவியம் ஒன்றின் வேர் நம் கடலோரம் வரை வருவதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

ஜப்பானில் இந்தப் பொருளைக் கையாண்ட இருவரின் படைப்புகள் கவனிக்க வேண்டியவை. ரோசெட்சு 1798-இல் சுமார் 3 சென்டிமீட்டர் சதுரக் காகிதத்தில் 500 அருகதர்களை அடைத்துவிட்டார். கனோ கசுனோபு எதிர்த் திசையில் போனார். டோக்கியோவின் ஸோஜோஜி கோயிலுக்காக 1854-இல் தொடங்கி, சுருள் ஒன்றுக்கு ஐந்து பேர் வீதம் 100 சுருள்கள். தொடங்கிய மறு ஆண்டே, 1855-இல், எடோ நகரை (இன்றைய டோக்கியோ) அன்செய் நிலநடுக்கம் தாக்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நரகத்திலும் இயற்கைப் பேரிடரிலும் சிக்கியவர்களை அருகதர்கள் வந்து மீட்கும் காட்சிகள் அந்தச் சுருள்களில் உண்டு. 96 சுருள்கள் முடிந்த நிலையில் 1863-இல் கசுனோபு இறந்தார். மீதியை அவர் மனைவியும் சீடரும் முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கோயிலின் அருகதர் மண்டபம் அழிந்தது. சுருள்கள் தப்பின, ஆனால் நெடுங்காலம் யாரும் அவற்றைப் பேசவில்லை.

மார்ச் 2011

கசுனோபுவின் 100 சுருள்களையும் டோக்கியோவின் எடோ-டோக்கியோ அருங்காட்சியகத்தில் ஒருசேரக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. திறப்பு மார்ச் 15 என்று முடிவாகியிருந்தது. நான்கு நாள் முன்னால், மார்ச் 11 அன்று, கிழக்கு ஜப்பானை 9 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 18,000-க்கும் மேல். ஃபுகுஷிமா அணு உலைகள் செயலிழந்தன. கண்காட்சி ஏப்ரல் 29-க்குத் தள்ளிப்போனது. ஒரு நிலநடுக்கத்தின் நிழலில் வரைந்த படங்கள் இன்னொரு நிலநடுக்கத்தின் நிழலில் திறக்கப்பட்டன.

துயரத்தில் நிற்கும் மனிதர்களுக்கு ஒரு கதை தேவைப்படுகிறது, மதமும் கலையும் அங்கே பிறக்கின்றன என்ற பொருளில் முரகாமி பிற்பாடு பலமுறை பேசியிருக்கிறார். பேரிடர் நடந்தவுடன் நிதி திரட்டுவது, ஏலம் விடுவது போன்ற வேலைகளையும் செய்தார். ஆனால் ஓவியராக அவர் எடுத்த முடிவு கசுனோபுவின் பொருளையே மறுபடி எடுப்பது. கத்தாரின் தலைநகர் தோஹாவில் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவருடைய பெரிய கண்காட்சி. பேரிடருக்குப் பின் ஜப்பானுக்குப் பெரும் உதவி செய்த நாடு கத்தார். அந்த நன்றியையும் இந்த ஓவியத்தோடு சேர்த்தே அவர் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அளவைப் பற்றியது. 3 மீட்டர் உயரம், 25 மீட்டர் நீளத்தில் நான்கு பகுதிகள். நான்குக்கும் திசைக் காவல் விலங்குகளின் பெயர்கள்: நீல டிராகன், வெள்ளைப் புலி, செந்நிறப் பறவை, கரிய ஆமை. சீன மரபில் நான்கு திசைகளையும் காக்கும் இவை ஜப்பானின் பழைய கல்லறைச் சுவர்களிலும் உண்டு. 500 பேரும் சின்னதாக வரிசை கட்டி நின்றால் பார்ப்பவருக்குக் கூட்டம் மட்டும்தான் தெரியும். அதனால் சில அருகதர்கள் ஓவியத்தின் முழு உயரத்துக்கும் பூதம் மாதிரி எழுந்து நிற்கிறார்கள், அவர்களின் காலடியில் மற்றவர்கள் நிரைநிரையாக நிற்கிறார்கள். நடந்துகொண்டே பார்க்க வேண்டிய ஓவியம். சுருளைக் கையால் பிரித்துப் பார்த்த பழக்கத்தைக் கால்களுக்கு மாற்றிவிட்டார் என்று சொல்லலாம்.

அடுத்தது காலம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மொத்தப் பரப்பு 300 சதுர மீட்டர். நிலநடுக்கத்துக்கும் தோஹா திறப்புக்கும் இடையே 11 மாதங்கள். ஒரு நாள்கூட விடாமல் வரைந்தாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். ஆய்வு, முன்வரைவு, காய்தல், கட்டி அனுப்புதல் எல்லாம் போக வரைவதற்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. நிஹோங்கா முறையில் கனிமப் பொடியும் பசையுமாக இதைச் செய்வது நடக்காத காரியம். ஆகவே அக்ரிலிக் வண்ணமும் கித்தானும். இது மரபை விட்டுக்கொடுப்பதா என்று கேட்கலாம். பொருளை விட்டுக்கொடுத்தார், கூடத்தின் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டார் என்பது என் விடை.

மூன்றாவது ஆட்கள். வழக்கமான ஊழியர்கள் போதாது என்பதால் நாடு முழுவதும் கலைக்கல்லூரிகளிலிருந்து மாணவர்களைச் சேர்த்தார்கள். டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில் உள்ள கூடத்தில் 24 மணி நேரமும் ஷிப்ட் முறையில் வேலை.

நான்காவது முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கியது. அது முறை. முரகாமியின் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பழகிப்போன வரிசை இது: பென்சிலால் வரைந்த கோட்டுப்படத்தை ஸ்கேன் செய்கிறார்கள். கணினியில் ஒவ்வொரு கோட்டையும் வளைவு பிசகாமல் திரும்ப இழுக்கிறார்கள். நிறங்களுக்கு எண் கொடுக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு அடுக்குக்கும் ஸ்கிரீன் தயாரித்துக் கித்தானில் அடிக்கிறார்கள், தேவையான இடத்தில் தூரிகையால் நிரப்புகிறார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான், அளவும் அடுக்கும் வேறு. ஓர் அருகதரின் அங்கியில் உள்ள பூவேலைக்கு ஒரு ஸ்கிரீன், அதன் மேல் வரும் நிழலுக்கு இன்னொன்று, தோலின் புள்ளிகளுக்கு வேறொன்று என்று போகும்.

இந்த முறையால் யார் கை என்று தெரியாத கோடு கிடைக்கிறது. இரவு ஷிப்டில் அடித்த தாடியும் பகல் ஷிப்டில் அடித்த தாடியும் ஒட்டிக்கொள்ளும். மாணவர்களை அழைத்ததும் இந்த முறையைத் தேர்ந்ததும் தனித்தனி முடிவுகள் என்று பார்க்கக் கூடாது. ஒன்று இல்லாமல் இன்னொன்று நடந்திருக்காது.

கூடத்தில் காணப்பட்டவை

கூடத்துக்குள் நடந்தது வெளியே தெரிய வந்தது பெரும்பாலும் வேலைத்தாள்களின் மூலம்தான். முன்வரைவுகள், பழைய அருகதர் உருவங்களைத் தேடிச் சேர்த்த ஆய்வுக் கோப்புகள், நிறப் பட்டியல்கள், ஸ்கிரீன்கள், முரகாமி கையால் எழுதிய திருத்தங்கள் எல்லாவற்றையும் கூடம் பாதுகாத்து வைத்திருந்தது.

திருத்தங்கள் மென்மையானவை இல்லை. கடுஞ்சொற்கள் தாராளமாக உண்டு. கோடு உயிரில்லாமல் இருக்கிறது, ஆய்வு போதாது, திரும்பச் செய் என்ற தொனி. ஆசிரியரிடம் வீட்டுப்பாடம் வாங்கி எரிச்சலடைந்தவரே இங்கே வீட்டுப்பாடம் கொடுப்பவராக நிற்கிறார். முன்வரைவுக்குப் பொறுப்பானவர்கள் பழைய மாதிரிகளைத் தேடி எடுத்து, அதிலிருந்து ஒரு முகத்தையோ உடுப்பையோ உருவாக்கி, மேலே அனுப்பி, திருத்தத்தோடு திரும்பப் பெற்று, மறுபடி வரைந்து அனுப்பினார்கள். கனோ கூடத்துச் சீடன் மாதிரிப் படங்களை நகலெடுத்துப் பழகியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு குறைவு.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 500 முகங்களும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பொருளின் பழைய விதி. கோயில்களில் உள்ள 500 அருகதர் சிலைகளுக்கு நடுவே தேடினால் இறந்துபோன தன் உறவினரின் முகச்சாயல் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஜப்பானில் உண்டு. ஒரே மாதிரிக் கோடு தரும் முறையும், ஒவ்வொரு முகமும் வேறாக இருக்க வேண்டும் என்ற விதியும் ஒன்றுக்கொன்று முரண். அந்த முரணை ஈடுகட்டியது ஆய்வுக் கோப்புகள்தான். நிறையப் பேர், நிறைய மூலங்களிலிருந்து தேடியதால் சுருக்கமும் காதும் மூக்கும் பல்லும் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வரவில்லை. நிலநடுக்கம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நாட்டில் இந்த விதிக்கு இருந்த எடையைக் கூடத்தில் இருந்தவர்கள் உணராமல் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

தோஹா, பிப்ரவரி 2012

தோஹாவின் அல் ரிவாக் கண்காட்சிக் கூடத்தில் ‘முரகாமி – ஈகோ’ என்ற கண்காட்சி 2012 பிப்ரவரியில் திறந்து ஜூன் வரை நடந்தது. பொறுப்பாளர் மாசிமிலியானோ ஜியோனி. 100 மீட்டர் ஓவியம் குறித்த நேரத்தில் அங்கே இருந்தது. வாசலில் காற்றடைத்த பெரிய முரகாமி உருவம் உட்கார்ந்திருந்ததால் ஊடகப் படங்களில் அதுவே முன்னால் வந்தது.

ஜப்பானின் துயரத்தை ஒட்டிப் பிறந்த ஓவியத்தை ஜப்பானியர்கள் நேரில் பார்க்க இன்னும் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் முதலில் காட்டியது நியாயம்தான். ஆனால் நிலநடுக்கத்தில் உறவுகளை இழந்தவர்களுக்கு அது அவ்வளவு காலம் எட்டாமல் இருந்ததை நான் குறையாகவே பார்க்கிறேன்.

டோக்கியோ, அக்டோபர் 2015

ரொப்போங்கியில் உயர்ந்த கோபுரத்தின் 53-ஆம் மாடியில் இருக்கிறது மோரி கலை அருங்காட்சியகம். அங்கே 2015 அக்டோபர் 31 முதல் 2016 மார்ச் 6 வரை ‘500 அருகதர்’ கண்காட்சி நடந்தது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில் முரகாமியின் பெரிய தனிக் கண்காட்சி.

இங்கே எடுத்த ஒரு முடிவு இந்த ஆய்வுக்கு முக்கியம். முடிந்த ஓவியத்தோடு வேலைத்தாள்களையும் காட்சிக்கு வைத்தார்கள். கோட்டுப்படங்கள், ஸ்கிரீன்கள், ஆய்வுப் பொருட்கள், திட்டிய திருத்தங்கள் எல்லாம் வந்தன. ‘இவர் எங்கே வரைகிறார், ஆட்கள்தானே வரைகிறார்கள்’ என்பது ஜப்பானில் அவர் மேல் நெடுநாளாக இருந்த குற்றச்சாட்டு. அதை மறுத்துப் பேசுவதற்குப் பதிலாக, ஆட்கள் எப்படி வரைந்தார்கள் என்பதையே காட்டிவிட்டார்கள். பார்ப்பவர் ஓர் அருகதரின் கண்ணைப் பார்த்துவிட்டு, அந்தக் கண் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டது என்பதையும் பார்க்கலாம்.

கண்காட்சிக்காக முரகாமிக்கு 2016-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சரின் கலை ஊக்க விருது கிடைத்தது. சொந்த நாட்டின் அரசு அங்கீகாரம் அவருக்கு அவ்வளவு எளிதில் வந்ததில்லை.

பிறகு நடந்தவை

சுஜியோடான உறவு தொடர்ந்தது. 2017-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஷோஹாகுவின் டிராகனும் முரகாமியின் சிவப்பு டிராகனும் ஒரே கண்காட்சியில் வந்தன. அதற்கான தேர்வில் சுஜிக்கும் பங்கு இருந்தது.

கூடத்தின் பொருளாதாரம் வேறு கதை சொன்னது. 2020-இல் கொரோனா பரவியபோது, தன் நிறுவனம் திவாலாகும் நிலையில் இருப்பதாக முரகாமியே வெளிப்படையாகச் சொன்னார். பல ஆண்டுகளாகப் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு திரைப்படத் தொடர்ச்சியைக் கைவிட்டார். இருநூறு பேரை இரவு பகலாக வைத்து வேலை வாங்கும் கூடம், விற்பனை நின்றால் சில மாதங்கள்கூடத் தாங்காது என்பது அப்போது தெரிந்தது. ‘500 அருகதர்’ அதற்கு நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவு வேலையை இயல்பாக்கிய கூடம்தான் அந்த நிலைக்கு வந்தது.

எதை மாற்றலாம்

அளவைக் குறைத்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். 50 மீட்டரில் இந்த ஓவியம் வேறொன்றாக ஆகியிருக்கும். திறப்புத் தேதியை அசைக்க முடியாததாக வைத்துவிட்டு அதற்கேற்ப ஆட்களை ஊற்றியதுதான் யோசிக்க வேண்டிய இடம். தோஹாவில் இரண்டு பகுதிகளை மட்டும் வைத்து, மற்ற இரண்டைப் பிறகு முடித்திருந்தால் இரவு ஷிப்டுகள் குறைந்திருக்கும். கசுனோபுவே ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டும் முடிக்கவில்லை என்பதை நினைத்தால் இது ஒன்றும் மரபுக்கு அவமானம் இல்லை.

மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பது அடுத்த கேள்வி. கனோ கூடத்துச் சீடன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்து முழுத் தொழிலையும் கற்றான். இங்கே வந்தவர் ஒரு பருவம் இருந்துவிட்டு, ஒரு மேகத்தின் மூன்றாம் அடுக்கை அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஸ்கிரீன் முறையில் கூடம் வேகத்தை வாங்கியது. முழுப் படத்தையும் மனதில் பிடித்து வரையும் பழக்கம் அதற்கு விலையாகப் போனது. இதுபோல் மாணவர்களை வைத்துச் செய்பவர்கள், ஆய்வு, கோடு, ஸ்கிரீன், முடிப்பு என்று எல்லா நிலைகளிலும் ஒவ்வொருவரையும் சில நாளாவது சுழற்றிவிட வேண்டும். நேரம் கூடும், ஆனால் வேலை முடிந்து வெளியேறுபவர் கையில் ஏதாவது இருக்கும்.

திட்டிய திருத்தங்களைக் காட்சிக்கு வைத்ததில் எனக்கு இரண்டு மனம். கூட்டு உழைப்பை மறைக்காமல் காட்டிய நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் திட்டு வாங்கியவர் அதைச் சுவரில் பார்க்கும்போது, அது தன் உழைப்பின் சான்றாகத் தெரியுமா, அவமானமாகத் தெரியுமா என்பது அவரவரைப் பொறுத்தது. காட்சிக்கு வைப்பதற்கு முன் அவர்களைக் கேட்பது நல்லது. பின்பக்கம் எழுதும் பெயர்களை முன்பக்கக் குறிப்பிலும் போடலாம், பார்ப்பவருக்குக் கித்தானைத் திருப்பிப் பார்க்க வாய்ப்பு கிடையாதே.

முரகாமியின் கூடமே சிலவற்றை மாற்றிக்கொண்டது. 2024 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை கியோட்டோ நகரக் கியோசெரா அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில் நான்கு திசை விலங்குகள் மறுபடி வந்தன. செலவுக்கு, குடிமக்கள் விரும்பிய ஊருக்கு நன்கொடை கொடுத்து வரிச்சலுகை பெறும் ஜப்பானிய ஏற்பாட்டைப் பயன்படுத்தினார்கள். கொடுத்தவர்களுக்கு முரகாமியின் சேகரிப்பு அட்டைகள் கிடைத்தன. அந்தக் கண்காட்சிக்கு இவாசா மதாபெய் வரைந்த கியோட்டோ நகரக் காட்சித் தட்டியை, 2,500-க்கும் மேற்பட்ட மனித உருவங்களோடு, 13 மீட்டர் அகலத்தில் மறுபடி உருவாக்கினார்கள். மூலத்தில் தேய்ந்து அழிந்துபோன இடங்களை நிரப்பச் செயற்கை நுண்ணறிவின் உதவியை எடுத்துக்கொண்டு, அது தந்த கோடுகளைக் கூடத்தினர் திருத்தினார்கள். முன்பு மாணவர்கள் செய்த தேடலில் ஒரு பங்கு இப்போது கருவிக்குப் போயிருக்கிறது. இது முன்னேற்றமா என்று எனக்கு நிச்சயமில்லை.

தேதி விஷயத்திலும் பிடி தளர்ந்தது. கியோட்டோவில் கண்காட்சி திறந்த பிறகும் சில படைப்புகளில் வேலை தொடர்ந்தது. ஏன் இன்னும் முடியவில்லை என்று முரகாமி சமாதானம் சொல்லும் எழுத்து ஓவியங்களும் பக்கத்திலேயே மாட்டப்பட்டிருந்தன.